உம்மம்மாட பேணியும் வறுமைக் கோடும்

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு நீல நிற பிஸ்கட் பேணி இருக்கு. அதுக்குள்ள பிஸ்கட் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. கன வீடுகளில் அந்தப் பேணிக்குள் ஊசியும் நூலும் இருக்கும். எங்கட உம்மம்மா அதுக்குள்ள அரசாங்கத்தை வைத்திருக்கிறா. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் போட்டோக் கொப்பி, அதுக்கு அடியில் பழைய நிவாரண அட்டைகள். எதையும் எறிய விடமாட்டா. “நாளைக்குக் கேட்டா என்னத்தைக் காட்டுறது?” எண்டு கேட்பா.

போன விடுமுறைக்கு கம்பஸிலிருந்து உப்புக்குளம் வந்தபோது, இலங்கையின் வறுமை பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டியிருந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் முழுக்க அட்டவணைகள். எந்த ஆண்டில் எத்தனை சதவீதம், எந்த மாவட்டம் எத்தனையாவது இடம். ஒருநாள் பின்னேரம் பேணியைக் கட்டிலில் கொட்டி, உம்மம்மாவையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு அட்டையும் வேறொரு கேள்விக்கான பதில். ஒரு காலத்தில் அரசாங்கம் ‘வீட்டில் எத்தனை வாய்?’ எண்டு மட்டும் கேட்டிருக்கு. பிறகு ‘எவ்வளவு உழைக்கிறாய்?’ எண்டு கேட்டிருக்கு. பிறகு எங்களிடம் ‘எங்கேயிருந்து ஓடி வந்தாய்?’ எண்டு கேட்டிருக்கு. இப்போது ‘வீட்டுக்குள் என்ன வைத்திருக்கிறாய்?’ எண்டு கேட்குது. கேள்வி மாறினபோது ஏழைகளின் எண்ணிக்கையும் மாறியிருக்கு. ஏழைகள் மாறினார்களா எண்டது வேறு கதை. நடுவில் பல ஆண்டுகள் எங்கட மாவட்டத்திடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவே இல்லை. அட்டவணையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த வெறுமையைப் பற்றியது.

முதலாவது கேள்வி எளிமையானது. 1942 இல் யப்பான் படை பர்மாவைப் பிடித்தவுடன் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. நாடு சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்த காலம் அது. அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. அட்டை எல்லோருக்கும். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே கூப்பன் புத்தகம். யார் வறியவர் எண்டு யாரும் அளக்கவில்லை, ஆட்களை எண்ணினால் போதும். இன்றைக்கும் எங்கட பக்கத்தில் கூட்டுறவுக் கடையைக் ‘கூப்பன் கடை’ எண்டு சொல்லுற வயசானவர்கள் இருக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகும் அரிசி மானியம் முடியவில்லை. அதில் கைவைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1953 இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால். அரசாங்கத்தின் அமைச்சரவையே கரையில் கூடப் பயந்து துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் கூடியது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தார்கள், பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1966 இல் அதே டட்லி இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி, அந்த ஒன்றை இலவசமாகத் தந்தார். 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன சிறிமாவோ பண்டாரநாயக்க வென்றார். ஒரு கொத்து அரிசி ஆட்சியைக் கவிழ்த்த நாடு இது. எல்லோரிடமும் ஒரே அட்டை இருந்ததால்தான் அது நடந்தது எண்டு நான் நினைக்கிறேன். அட்டையில் கைவைத்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வலிக்கும். பிறகு வந்த அட்டைகளில் அந்த வசதி இருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் போக முதல் கொஞ்சம் வெளியூர் போய் வரவேணும். ஏனெண்டால் ‘இவ்வளவுக்குக் கீழே உழைத்தால் ஏழை’ எண்ட எண்ணம் அரிசியைப் போல மண்ணில் முளைத்ததில்லை. பம்பாயில் தாதாபாய் நௌரோஜி 1870களில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு இந்தியன் உயிரோடு இருக்க வருசத்துக்கு எவ்வளவு செலவாகும்? அதற்கு அவர் எடுத்த அளவுகோல்களில் ஒன்று சிறைச்சாலை உணவு. கைதிக்கு அரசு கொடுக்கிற சாப்பாட்டின் விலையே, வெளியில் சுதந்திரமாகத் திரிகிறவனின் வருமானத்தை விடக் கூட எண்டு காட்டத்தான் அந்தக் கணக்கு. இங்கிலாந்தில் சீபோம் ரவுண்ட்ரீ 1899 இல் யோர்க் நகரத்து வீடுகளை ஆய்வு செய்து, உடம்பு வேலை செய்யத் தேவையான ஆகக் குறைந்த உணவின் விலையிலிருந்து ஒரு கோடு போட்டார். இரண்டு பேருமே குறை சொல்லத்தான் கோடு போட்டார்கள். நௌரோஜி ஆட்சியைக் குற்றம் சாட்ட, ரவுண்ட்ரீ ‘சோம்பேறிகள்தான் ஏழைகள்’ எண்ட கதையை உடைக்க. அதே கோடு பிறகு அரசாங்கங்களின் கைக்குப் போனபோது அதன் வேலை மாறிவிட்டது. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது எண்டு பார்க்கிற வாசல் படியாகிவிட்டது.

இலங்கையில் அந்தப் படி 1978 இல் வந்தது. 1977 இல் ஆட்சிக்கு வந்த அதே ஜே.ஆர்., இந்தமுறை அரிசி விலையில் கைவைக்கவில்லை. ஆட்களைப் பிரித்தார். மாத வருமானம் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு எண்டு வந்தது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. நாட்டில் ஏறத்தாழ பாதிப்பேர் உள்ளே, மற்றப் பாதி வெளியே. 1953 போல ஒரு ஹர்த்தால் நடக்கவில்லை.

பேணியில் உள்ள ஆகப் பழையது இந்த உணவு முத்திரைப் புத்தகத்தின் மட்டைதான். உள்ளே ஒரு தாளும் இல்லை. உம்மம்மாவுக்கு அப்போது வயது முப்பது சொச்சம். “எவ்வளவு உழைக்கிறது எண்டு கேட்டாங்க. உங்கட அப்பா கடலுக்குப் போற ஆள். நான் என்னத்தைச் சொல்ல?” எண்டு சிரிச்சா. (‘அப்பா’ எண்டு அவ சொன்னது என்ர தாத்தாவை.)

அந்தச் சிரிப்பில் விசயம் இருக்கு. 300 ரூபாய் எண்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக்கூடியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் மட்டும்தான். அவர்களின் பதிலைத்தான் சரிபார்க்கவும் முடியும். மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்தது. ஒரே லயத்து அறையில் இரண்டு மூன்று பேர் கொழுந்து எடுத்தால் கூட்டுத்தொகை கோட்டைத் தாண்டிவிடும். அப்படிப் பலர் வெளியே போனார்கள். பதிவேடு இல்லாத கமக்காரரும் கடைக்காரரும் சொன்னதுதான் கணக்கு. ஏழ்மை கூடின இடத்தில் அளவு துல்லியமாக இருந்தது, வசதி கூடின இடத்தில் அளவு மங்கலாக இருந்தது. பிறகு முத்திரையின் பெறுமதி ரூபாயில் எழுதப்பட்டிருந்ததால், விலைவாசி ஏற ஏற அது வாங்கக்கூடிய அரிசி சுருங்கிக்கொண்டே போனது. சில ஆண்டுகளிலேயே உண்மைப் பெறுமதி பாதியளவுக்கு விழுந்துவிட்டது. யாரும் வெட்டவில்லை, அது தானாகத் தேய்ந்தது. கொத்து எண்டால் எப்பவும் கொத்துத்தான், 15 ரூபாய் எப்பவும் 15 ரூபாய் இல்லை.

1989 இல் பிரேமதாச ஜனசவியவைக் கொண்டுவந்தார். இரண்டு வருசத்துக்கு மாதம் 2,500 ரூபாய். அதில் 1,458 ரூபாய் செலவுக்கு, 1,042 ரூபாய் கட்டாயச் சேமிப்பு. முடிவில் கையில் 25,000 ரூபாய் முதல் இருக்கும், அதோடு வறுமை முடியும் எண்ட கணக்கு. சுற்றுச் சுற்றாக, பிரதேசம் பிரதேசமாகத்தான் இது போனது. எங்கட முறை வர முதல் 1990 வந்துவிட்டது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து எங்கட ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். நகையும் காசும் சாமானும் விட்டுப்போன கதைகளை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், இங்கே அவற்றை எழுதவில்லை. ஒன்று மட்டும். உம்மம்மா அந்த உணவு முத்திரைப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. போற இடத்தில் கூப்பன் கடை இருக்கும்தானே, அங்கே காட்டினால் அரிசி தருவாங்கள் எண்டு நினைத்தாவாம்.

போன இடத்தில் அந்தப் புத்தகத்துக்கு வேலை இருக்கவில்லை. புத்தளத்தில் அவ ஏழையாகப் பதியப்படவில்லை, அகதியாகப் பதியப்பட்டா. இது சொல்லளவில் மட்டும் வித்தியாசம் இல்லை. ஏழைக்கு ஒரு திணைக்களம், அகதிக்கு இன்னொன்று. ஏழையின் அட்டை வருமானத்தைக் கேட்கும், அகதியின் அட்டை திகதியைக் கேட்கும்: எப்போது வந்தாய், எங்கிருந்து வந்தாய், எத்தனை பேர். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலர் உணவு. அரிசி, மா, பருப்பு, சீனி. அந்த 1,260 ரூபாய் பல ஆண்டுகள் அசையவே இல்லை. உணவு முத்திரைக்கு நடந்த அதே தேய்மானம்.

கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் உம்மம்மா கூலிக்குப் போனா. ஆலங்குடா, தில்லையடி, நுரைச்சோலை எண்டு எங்கட சொந்தங்கள் கிடுகுக் கொட்டில்களில் பரவிக்கிடந்தார்கள். கூலி வேலைக்கு ஆட்கள் திடீரெண்டு பெருகினதால் அங்கே ஏற்கனவே இருந்த ஏழைகளின் கூலியும் இறங்கியது. அவர்களுக்கு உலர் உணவு இல்லை, எங்களுக்கு இருந்தது. ‘அகதிக்குச் சும்மா கிடைக்குது’ எண்ட பேச்சு வந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே வெங்காயத்தைக் கிண்டின இரண்டு பொம்பிளைகளை இரண்டு அட்டைகள் எதிரெதிரே நிற்பாட்டின. இருவரும் ஏழைகள்தான். ஆனால் அதைச் சொல்லுற ஒரு தாளும் இருவரிடமும் இல்லை.

பிறகு அகதிக்குள்ளும் பிரிவு வந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியிலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, 2008 ஏப்ரலுக்கு முந்தியவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர், பிந்தியவர்கள் ‘புதிய’ இடம்பெயர்ந்தோர். உதவிகள் பெரும்பாலும் புதியவர்களைச் சுற்றி வந்தன. அவர்கள் பட்ட பாட்டுக்கு அது கூட இல்லை எண்டுதான் நான் சொல்லுவேன். ஆனாலும் 18 வருசமாகக் கொட்டிலில் இருந்த ஒருத்தருக்கு ‘நீங்க பழசு’ எண்டு சொல்லுறது என்ன அளவுகோல்? துன்பத்துக்கு காலாவதித் திகதி போட்ட மாதிரி.

இதே ஆண்டுகளில்தான் கொழும்பில் இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு போடப்பட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004 இல் அதை அறிவித்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,030 கலோரி தரக்கூடிய உணவு, அதோடு உணவல்லாத அவசியச் செலவு. மொத்தம், 2002 ஆம் ஆண்டு விலையில், ஒருவருக்கு மாதம் 1,423 ரூபாய். இதற்குக் கீழே செலவழிப்பவர் வறியவர். மக்கள் எதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் எண்ட தகவல் 2002 வீட்டு வருமான செலவின ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஆய்வு வடக்கிலும் கிழக்கிலும் நடக்கவில்லை.

அதாவது கோடு ‘தேசிய’ கோடு. ஆனால் அதை வரையும்போது பார்த்த அடுப்புகளில் எங்கட அடுப்பு ஒன்றும் இல்லை. 2006/07 ஆய்வில் கிழக்கின் பெரும்பகுதி சேர்ந்தது, வடக்கு சேரவில்லை. 2009/10 ஆய்வில் யாழ்ப்பாணமும் வவுனியாவும் சேர்ந்தன. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் சேரவில்லை. 2012/13 இல்தான் முதன்முறையாக 25 மாவட்டங்களும் கணக்குக்குள் வந்தன. குடிசன மதிப்பீட்டின் கதையும் இதேதான். 1981 க்குப் பிறகு மன்னாரில் முழுமையாக நடந்தது 2012 இல். 31 வருசம்.

போர் நடந்த இடத்தில் எப்படி ஆய்வு செய்யுறது எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. ஆய்வாளரை அனுப்பியிருக்க வேணும் எண்டு நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் அறிக்கைகளில் ‘இலங்கையின் வறுமை குறைந்தது’ எண்டு தலைப்பில் எழுதி, ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ எண்டு அடிக்குறிப்பில் போட்டார்கள். மேடையில் பேசினவர்கள் தலைப்பைத்தான் வாசித்தார்கள்.

எண்ணப்பட்ட பிறகாவது நிலைமை தெளிந்ததா? 2012/13 இல் மன்னாரின் வறுமை 20.1 சதவீதம். நாடு முழுக்க 6.7. முல்லைத்தீவு 28.8 உடன் முதலிடம், நாங்கள் முன் வரிசையில். அடுத்த ஆய்வு 2016. நாடு முழுக்க 4.1. மன்னார் 1.0.

இந்த எண்ணைக் கண்டபோது நான் அச்சுப் பிழை எண்டுதான் நினைத்தேன். மூன்று வருசத்தில் ஐந்தில் ஒருவர் நூறில் ஒருவர் ஆகியிருக்கிறார். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எங்கட தெருவில் அப்படி ஒரு பெருநாள் வந்து போனது ஞாபகம் இல்லை. உம்மம்மாவிடம் சொன்னேன். “ஒரு சதவீதமா? அது நாங்களாத்தான் இருக்கும்” எண்டா.

பகிடியை விட்டுவிட்டுப் பார்த்தால், கோட்டின் உயரத்தில்தான் விடை இருக்கு. 2016 இல் தேசியக் கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய் (மாவட்ட விலைக்கேற்ப சிறிது கூடிக் குறையும்). நாளுக்கு 139 ரூபாய். சாப்பாடு, உடுப்பு, மருந்து, பஸ், பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் அதற்குள். ஐந்து பேர் வீட்டுக்கு 20,830 ரூபாய். ஒரு வீட்டில் 21,000 ரூபாய் புரண்டால் அது வறிய வீடு இல்லை. போருக்குப் பிறகு பாதை, வீடு, பாலம் எண்டு கட்டுமான வேலை வந்தது, கடல் கொஞ்சம் திறந்தது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நெருக்கிக்கொண்டு நின்ற சனம், சற்று மேலே போய் அதே நெருக்கத்தோடு நின்றது. கோடு அதைத்தான் பதிந்தது. கடலில் இரண்டு வாரம் காற்றுப் பிடித்தால் எத்தனை வீடு திரும்பக் கீழே இறங்கும் எண்டு கோட்டுக்குத் தெரியாது.

திணைக்களமே பிறகு அந்தக் கோடு பழசாகிவிட்டது எண்டு ஒத்துக்கொண்ட மாதிரித்தான். 2012/13 ஐ அடிப்படையாக வைத்துப் புதுக் கோடு போட்டார்கள். இந்தமுறை எங்கட அடுப்புகளும் பார்க்கப்பட்டிருந்தன. புதுக் கோட்டின்படி 2019 இல் ஒருவருக்கு 6,966 ரூபாய், நாட்டின் வறுமை 14.3 சதவீதம். 4.1 ஐயும் 14.3 ஐயும் பக்கத்தில் வைத்து ‘மூன்று மடங்கானது’ எண்டு சொல்லக் கூடாது, இரண்டும் வேறு வேறு கோல்கள். ஆனால் கோல் மாறினவுடன் இத்தனை பேர் தெரியவந்தார்கள் எண்டால், முந்தின கோலை வைத்து யாருக்கு உதவி, எந்த மாவட்டம் தேறிவிட்டது எண்டு முடிவெடுத்த ஆண்டுகளை என்ன செய்வது?

எண்கள் ஒருபக்கம் போக, கையில் கிடைத்தது சமுர்த்தி. 1995 இல் சந்திரிகா அரசு தொடங்கியது, போர் காரணமாக வடக்கு கிழக்கின் பெரும்பகுதிக்குப் பிந்தித்தான் வந்தது. வறுமைக் கோட்டுக்கும் சமுர்த்திப் பட்டியலுக்கும் பெரிய உறவு இருக்கவில்லை. யார் வறியவர் எண்டதைக் களத்து உத்தியோகத்தரும் ஊர் அரசியலும் தீர்மானித்தன. உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஆக ஏழ்மையான ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் 40 சதவீதமானவை திட்டத்துக்கு வெளியே நின்றதைக் கண்டது. ஒருமுறை பட்டியலில் ஏறினால் இறங்குவதும் இல்லை, இறங்காததால் புதியவர் ஏறுவதும் இல்லை. இருபது வருசம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தவர்களுக்கு இது என்ன செய்யும் எண்டு யோசித்துப் பாருங்கள். சமுர்த்தியைத் திவிநெகும எண்டு மாற்றப் போனது பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் பதவி நீக்கம் வரைக்கும் போனது. மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது, வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை, ஆளுநர் சம்மதித்தது செல்லாது எண்டும் சொன்னது. வறியோருக்கான திட்டம் ஒன்று நாட்டின் நீதித்துறையை ஆட்டின கதை தனியாக எழுத வேண்டியது.

நாங்கள் உப்புக்குளத்துக்குத் திரும்பினது போர் முடிந்த பிறகு. நான் பிறந்தது புத்தளத்தில், பள்ளிக்கூடம் சேர்ந்தது மன்னாரில். 1990 இல் போனது ஒரு குடும்பம், திரும்பினது மூன்று. உம்மம்மாவும், கலியாணம் முடித்த இரண்டு பிள்ளைகளின் குடும்பங்களும். காணி உறுதி ஒன்றுதான். உறுதி ஒன்றெண்டால் வீடு ஒன்று, மின்சார மீற்றர் ஒன்று. எங்கட தெருவில் பாதி வளவுகள் இப்படித்தான்.

இதைச் சொன்னது அஸ்வெசும பற்றிப் பேச. பெயர் நல்ல பெயர், நம்முடைய ‘ஆசுவாசம்’ எண்ட சொல்லின் சொந்தம்தான். இதற்கான சட்டம் 2002 இலேயே நிறைவேறியது, நலன்புரி நன்மைகள் சட்டம். இருபது வருசம் பெரும்பாலும் தூங்கின சட்டத்தை 2022 நெருக்கடியும் சர்வதேச நாணய நிதியமும் எழுப்பின. 2023 ஜூலையில் கொடுப்பனவு தொடங்கியது. 20 இலட்சம் குடும்பங்களுக்கு நான்கு படிகள்: நிலைமாறும் பிரிவினருக்கு 2,500 ரூபாய், பாதிப்புறக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000. பின்னர் 2025 ஜனவரியிலிருந்து மேல் இரண்டு படிகளும் 10,000, 17,500 எண்டு கூடின.

யார் எந்தப் படி எண்டு பார்க்க கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு எண்ட ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள். இதற்குப் பின்னால் உள்ள யோசனை 1980களில் சிலி நாட்டில் பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டது: வருமானத்தைக் கேட்டால் ஆட்கள் மறைப்பார்கள், ஆகவே மறைக்க முடியாததைப் பார். சுவர் என்ன, கூரை என்ன, வாகனம் இருக்கா, கரண்ட் பில் எவ்வளவு. உத்தியோகத்தரின் தயவுக்கும் அரசியல்வாதியின் கடிதத்துக்கும் இடமில்லை. சமுர்த்தியைக் கண்டவர்கள் இதை வரவேற்றதில் நியாயம் இருக்கு. நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன், படிவத்தைக் கையில் எடுக்கும் வரை.

ஒரு மீற்றரில் மூன்று அடுப்பு எரிந்தால் கரண்ட் பில் யாருடைய வசதியைக் காட்டுது? வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு கடனில் சாப்பிடுகிறவரை அந்தச் சுவர் காட்டிக்கொடுக்குமா, மறைக்குமா? படகும் இயந்திரமும் சொத்துத்தான். ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே தாவலில் ஏறினபோது, கரையில் ஏற்றிவைத்த படகு எந்த வகைச் சொத்து? சுவரும் கூரையும் மெதுவாக மாறுகிறவை. வறுமை ஒரு இரவில் வரும். நாடே அந்த வருசம் அப்படித்தான் ஏழையானது, வீடுகளின் சுவர் ஒன்றும் இடியவில்லை.

30 இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் விண்ணப்பித்தன, நாட்டின் குடும்பங்களில் பாதிக்கும் மேல். முதல் பட்டியல் வெளிவந்ததும் பல மாவட்டங்களில் பிரதேச செயலகங்களின் முன்னால் ஆர்ப்பாட்டம். மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் சேர்ந்து 10 இலட்சத்தை நெருங்கின. ஆட்சேபனை எண்டால் தெரியும்தானே, ‘இன்னாருக்குத் தகுதியில்லை’ எண்டு இன்னொருவர் எழுதிக் கொடுக்கலாம். புத்தளத்தில் இரண்டு அட்டைகள் செய்த வேலையை இதில் படிவத்திலேயே இணைத்துவிட்டார்கள்.

2024 இல் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கோரினபோது, பக்கத்து வளவு மாமாவுக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். ‘கம்பஸ் போற பிள்ளை எழுதினா பிழை வராது’ எண்டு மாமி கூட்டிக்கொண்டு வந்தா. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரசரவெண்டு போனது. வருமானத்தில் வந்து நின்றது.

“மாமா, மாசம் எவ்வளவு வரும்?”

“எந்த மாசம்?”

அவர் பகிடி விடவில்லை. மன்னாருக்கு இரண்டு கடல். சோளகம் அடிக்கும்போது தெற்குக் கடல் பெருத்துக் கிடக்கும், வாடையில் வடக்குக் கடல். இடையில் றோலர் வந்து வலையை அறுத்த கிழமை, மீன் பட்டும் ஐஸ் இல்லாமல் விலை விழுந்த கிழமை, ஒரேநாளில் ஒரு மாதத்து உழைப்பு வந்த நாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

உம்மம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. 1979 இல் இதே கேள்விக்குத் தான் என்ன சொன்னேன் எண்டு அவவுக்கு இப்போது ஞாபகம் இல்லையாம். “என்னமோ சொன்னேன், எழுதினாங்க” எண்டா.

நான் மாமா சொன்னதில் ஆகக் கூடின மாசத்தையும் ஆகக் குறைந்த மாசத்தையும் கூட்டி, இரண்டால் பிரித்து, வந்த எண்ணைக் கட்டத்துக்குள் எழுதினேன்.